சாவு நடந்த வீடு என்று தெரிந்த பிறகு: முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை

கிரையம் முடிந்து, சாவி கைக்கு வந்து, பாலும் காய்ச்சியாயிற்று. மூன்றாம் நாள் காலை எதிர்வீட்டு அம்மா கோலம் போட்டபடியே, "அந்தப் பின்ரூம்லயா படுக்கிறீங்க? அங்கதான் அவரு..." என்று இழுப்பார். அன்று ராத்திரியிலிருந்து குழாய்ச் சத்தமெல்லாம் காலடிச் சத்தமாகிவிடும்.

பேய் உண்டா இல்லையா என்ற வழக்கை இங்கே தீர்க்கப் போவதில்லை. நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் வேலை ஒன்றேதான். என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டும். பத்திரத்தைப் பார்க்க வேண்டும். சத்தத்துக்கும் வாடைக்கும் காரணம் தேட வேண்டும். பூஜை, ஓதல், ஜெபம் எல்லாம் அதற்குப் பிறகு. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்து, ஹோமத்துக்கு முப்பதாயிரம் செலவழித்த பிறகு பிளம்பரைக் கூப்பிடுகிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். நாற்பது வயதான வீட்டை வாங்கினால் அதில் சாவு நடந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆஸ்பத்திரியில் உயிர் போவது பரவலானது பின்னால்தான். அதற்கு முன் தாத்தா பாட்டிகள் கூடத்தில்தான் கண்ணை மூடினார்கள். அதே கூடத்தில்தான் பிள்ளைகளும் பிறந்தார்கள்.

1. விசாரணை: கேட்கிற விதம் முக்கியம்

"இந்த வீட்டில யாராவது செத்தாங்களா?" என்று கேட்டால் இரண்டே பதில்தான் வரும்: "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்ற மழுப்பல், அல்லது மூன்று தலைமுறைக் கதை. இரண்டாலும் பயனில்லை. கேள்வியைச் சின்னதாக உடைத்துக் கேளுங்கள்: "இதுக்கு முன்னாடி யார் இருந்தாங்க? எத்தனை வருஷம்? ஏன் காலி பண்ணினாங்க? எவ்வளவு நாள் பூட்டிக் கிடந்துச்சு?"

தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், பால் போடுபவர், பூக்காரம்மா, மளிகைக்கடைக்காரர், அடுக்குமாடி என்றால் பழைய வாட்ச்மேன் ஆகியோரிடம் கேட்கலாம். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூன்று பேரிடமாவது கேளுங்கள். மூவர் சொல்வதிலும் பொதுவாக இருப்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். "பெரியவர் 2016-ல மாரடைப்புல போனாரு" என்பது மூன்று வாயிலும் ஒன்றாகவே வரும். வெள்ளைப் புடவை, சலங்கைச் சத்தம், அமாவாசை அழுகை எல்லாம் ஒவ்வொரு வாயிலும் ஒவ்வொரு விதமாக வரும். அவற்றை விட்டுவிடலாம்.

புரோக்கர் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். கமிஷன் வாங்கியவர் நல்லதை மட்டும்தான் சொல்வார். கமிஷன் கிடைக்காத புரோக்கர் பேய்க்கதை பரப்புவதும் நடப்பதுதான். பூட்டிக் கிடந்த காலத்தையும் கவனியுங்கள். பாகப்பிரிவினை வழக்கில் பத்து வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குப் பேய்வீடு என்ற பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். வீடு காலியாக இருப்பதற்குப் பேய் காரணம் என்று ஊர் சொல்லும். பெரும்பாலும் காலியாக இருந்ததுதான் பேய்க்கதைக்குக் காரணம்.

2. பத்திரம்: செத்தவர் வாரிசாக வருவார்

இங்கே அவசரம் கூடாது. செத்தவர் ஆவியாக வந்து தொல்லை தருவது சந்தேகம். வாரிசு வடிவில் கோர்ட்டுக்கு வருவது நிச்சயம் நடக்கக்கூடியது. கிரையம் முடிந்துவிட்டாலும் இதைச் சரிபார்ப்பதில் பலன் உண்டு. பிழை சீக்கிரம் தெரிந்தால் விற்றவரைப் பிடித்து, விட்டுப்போன வாரிசிடமிருந்து விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) வாங்க நேரம் இருக்கும்.

பதிவுத்துறையின் இணையதளத்தில் சொத்தின் வில்லங்கச் சான்றை எடுத்துப் பாருங்கள். குறைந்தது 30 வருஷத்துக்கு. உரிமை எந்தெந்தப் பெயருக்கு மாறியது, விற்பனையா, செட்டில்மெண்டா, பாகப்பிரிவினையா என்று பார்த்தால் எந்தக் காலத்தில் யார் இறந்திருக்கலாம் என்பது தானே தெரியும். உரிமையாளர் இறந்த பிறகு விற்பனை நடந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழும் மூலப் பத்திரங்களோடு இருந்தாக வேண்டும். இறப்புச் சான்றிதழில் இறந்த இடமும் இருக்கும். வீட்டிலா ஆஸ்பத்திரியிலா என்ற கேள்விக்கு ஊர்க்கதையைவிட அந்த ஒரு வரியை நம்பலாம்.

அடுத்து, வாரிசுச் சான்றிதழில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொரு பெயராக ஒப்பிடுங்கள். அதிகம் தவறுவது இரண்டு இடங்களில். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்தில் மனைவி, மகன், மகளோடு அவருடைய தாய்க்கும் பங்கு உண்டு. வயதான அம்மா ஊரில் இருப்பார், அவரை யாரும் நினைக்கமாட்டார்கள். இரண்டாவது, மைனர் பங்கு. மைனரின் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் தாய் விற்றிருந்தால், அந்தப் பிள்ளை 18 வயதான பின் மூன்று வருஷத்துக்குள் விற்பனையை எதிர்த்து வழக்குப் போடலாம். துர்மரணத்தில் குடும்பத் தலைவர் போன வீடுகளில் இது அடிக்கடி நேர்வது. சின்னப் பிள்ளைகள், கடன் நெருக்கடி, அவசர விற்பனை.

கொலை நடந்த வீடு என்றால் வக்கீலிடம் கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி, கொலை செய்தவரோ அதற்கு உடந்தையாக இருந்தவரோ கொலையுண்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. உங்களுக்கு விற்றவர்களில் ஒருவர் அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரா என்று தெரிந்துகொள்ளுங்கள். தற்கொலை, சந்தேக மரணம் என்றால் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகியிருக்கும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவை வைத்து 174 என்று சொல்வார்கள். 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 194-ஆம் பிரிவு. அந்த வழக்கு முடிந்துவிட்டதா என்பதை மட்டும் கேட்டுக்கொண்டால் போதும். பிரேதப் பரிசோதனை விவரமெல்லாம் உங்களுக்கு வேண்டாம். தெரிந்தால் தூக்கம்தான் போகும்.

இன்னும் அட்வான்ஸ் கட்டத்தில் இருப்பவர்களுக்கு: விற்பவர் சொத்தில் உள்ள பெருங்குறையை மறைக்கக் கூடாது என்று 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவு சொல்கிறது. அதில் சாவைப் பற்றித் தனியாக எதுவும் இல்லை. (அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கடைசி மூன்று வருஷத்தில் வீட்டில் நடந்த சாவைச் சொல்லியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.) ஆகவே கிரைய ஒப்பந்தத்திலேயே இப்படி ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "மேற்படி வீட்டில் இயற்கைக்கு மாறான மரணம் எதுவும் நிகழவில்லை என்றும், அது குறித்துக் காவல்துறையிலோ நீதிமன்றத்திலோ வழக்கு நிலுவையில் இல்லை என்றும் விற்பவர் உறுதி கூறுகிறார். தவறெனத் தெரிந்தால் முன்பணம் முழுவதையும் திருப்பித் தரச் சம்மதிக்கிறார்." கையெழுத்துப் போட விற்பவர் தயங்கினால் அதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

3. ஓர் அறை மட்டும் பூட்டியிருந்தால்

பழைய வீடுகளில் ஓர் அறையை மட்டும் அடைத்து, கதவில் முள் செருகி வைத்திருப்பதைப் பார்த்துப் பலர் நடுங்கிவிடுகிறார்கள். அது அடைப்பு, தனிஷ்டா பஞ்சமி என்பார்கள். சில நட்சத்திரங்களில் இறந்தால், உயிர் பிரிந்த அறையைக் குறிப்பிட்ட மாதங்கள் மூடி வைக்கும் வழக்கம். பஞ்சாங்கக் கணக்கில் அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதிக்கு ஆறு மாதம். ரோகிணிக்கு நான்கு. கார்த்திகை, உத்திரத்துக்கு மூன்று. மிருகசீரிடம், புனர்பூசம், சித்திரை, விசாகம், உத்திராடத்துக்கு இரண்டு. அதாவது அந்த அறை பூட்டியிருப்பது நாளையும் நட்சத்திரத்தையும் பொறுத்தது, அங்கே ஏதோ பயங்கரம் நடந்ததற்கு அடையாளமல்ல. கெடு முடிந்த பிறகு குடும்பமே சாந்தி செய்து திறந்திருக்க வேண்டும். ஊரைவிட்டுப் போய்விட்டதால் மறந்திருப்பார்கள். விற்றவரிடம் இறந்த தேதியைக் கேட்டு, கெடு முடிந்ததா என்று உங்கள் குடும்பப் பெரியவர்களை வைத்துப் பார்த்துத் திறக்கலாம். திறக்கும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் மூடிய அறையில் பூஞ்சையும் வௌவால் எச்சமும் இருக்கும். ஜன்னலைத் திறந்து அரை நாள் காற்று போன பிறகே பெருக்குங்கள்.

4. சடலம் சில நாள் கிடந்த வீடு என்றால்

தனியாக வாழ்ந்தவர் இறந்து மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது என்ற வகை. இங்கே பிரச்சினை நிஜமானது, கண்ணுக்குத் தெரிவது. மெத்தை, தலையணை, திரைச்சீலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். தரைக்கு, நல்ல பிளீச்சிங் பவுடர் 30 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து (சுமார் 1 சதவீதக் கரைசல்) ஊற்றி, அரை மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். கையுறை அவசியம். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைத்துவிடும்.

இரண்டு முறை கழுவியும் வெயில் நேரத்தில் வாடை எழுந்தால், அது டைல்ஸ் இடுக்கு வழியாகக் கீழே இறங்கியிருக்கிறது. அந்தப் பகுதி டைல்ஸையும் அடியில் உள்ள கலவையையும் பெயர்த்தெடுத்து, காயவிட்டு, புதிதாகப் பதிப்பதுதான் வழி. சுவரில் பட்டிருந்தால் பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். மேலே பெயிண்ட் மட்டும் அடித்தால் இரண்டு மாதத்தில் வாடை திரும்பும், அப்போது பழி செத்தவர் மேல் விழும்.

5. சத்தம்

ஒரு நோட்டை எடுத்து இரண்டு வாரம் எழுதுங்கள். நேரம், இடம், எப்படிப்பட்ட சத்தம், அப்போது மோட்டார் ஓடியதா, காற்று அடித்ததா, மேல்வீட்டில் ஆள் இருந்தார்களா. எழுத ஆரம்பித்ததும் பாதிச் சத்தம் மோட்டார் நேரத்தோடு பொருந்தி வருவதைப் பார்ப்பீர்கள்.

"டமார்" என்று ஒரே ஓர் அடி, சுவருக்குள்ளிருந்து வந்தால்: மோட்டார் நின்றதும் மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் திரும்பி விழுந்து வால்வை அறைகிறது. தானியங்கி லெவல் கன்ட்ரோலர் இருந்தால் ராத்திரி மூன்று மணிக்கும் மோட்டார் ஓடி நிற்கும். என்.ஆர்.வி வால்வை (தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது) மாற்றுங்கள், செங்குத்தாக ஏறும் பைப்பை மூன்றடிக்கு ஒரு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். யாரோ தண்ணீர் குடிப்பது போன்ற "களக் களக்" என்றால் பைப்பில் காற்று அடைத்திருக்கிறது. மேல்தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பில் ஏர் வென்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் பாதிக்கு அது இருக்காது.

மாலை ஏழு மணியிலிருந்து பதினோரு மணி வரை மேலே "டிக்... டொக்" என்று விட்டு விட்டுக் கேட்டால், பகலில் சூடேறிய மொட்டைமாடித் தளம் குளிர்ந்து சுருங்குகிறது. தகரக் கூரையில் இன்னும் பலமாகக் கேட்கும். சித்திரை வெயிலில் அதிகம், ஐப்பசி மழையில் குறைவு. பேய்க்குப் பருவம் கிடையாதல்லவா. அடுக்குமாடிகளில் மேலே கோலி உருட்டுவது போல் கேட்பதற்கும் பெரும்பாலும் குழாய் அழுத்தமும் தளத்தின் சுருக்கமும்தான் காரணம். மேல்வீட்டுக் குழந்தையைத் திட்டுவதற்கு முன் அந்த வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கூரைமேல் கனமாக ஒருவர் நடப்பது போல் கேட்டால் அது மரநாய். பூனையைவிடப் பெரிது, ராத்திரியில்தான் நடமாடும், சென்னை நடுநகரத்துத் தென்னை மாமரங்களில்கூட உண்டு. கண்டுபிடிக்க ஓர் எளிய வழி: மொட்டைமாடியிலும் சன்ஷேடிலும் சலித்த கோலமாவை மெல்லிய படலமாகத் தூவுங்கள். கல்மாவாக இருக்கட்டும், அரிசிமாவு என்றால் எறும்பு வந்து தடயத்தைக் கலைத்துவிடும். மூன்று அடி நீளம், ஓர் அடி அகலம் போதும். விடிந்ததும் வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். பூனை என்றால் நான்கு விரல், நகம் தெரியாது. மரநாய் என்றால் ஐந்து விரல். பேய்க்குக் கால் கிடையாது என்று பாட்டி சொன்னது இங்கே உதவும்.

வழியை அடைக்க அரை அங்குலக் கம்பி வலை போதும். ஆனால் ராத்திரி அது வெளியே போன பிறகு, உள்ளே குட்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு அடையுங்கள். குட்டி உள்ளே மாட்டினால் தாய் கூரையையே பிய்க்கும், குட்டி செத்தால் நாற்றம் வேறு. மரநாயைக் கொல்வது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். முடியாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வென்டிலேட்டர் பக்கம் ஆள் குறட்டை விடுவது போல், சீறுவது போல் விடிய விடியக் கேட்டால் கூகை என்ற ஆந்தையின் குஞ்சுகள். தாய்க் கூகை வெள்ளை முகத்தோடு திடீரென்று கத்துவதைக் கேட்டால் யாருக்கும் குலை நடுங்கும். குஞ்சுகள் பறந்துபோக ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். பொறுத்திருந்து பிறகு வலை அடியுங்கள். அதுவரை உங்கள் வீட்டில் எலி இருக்காது.

6. வாடை, கறை, கரண்ட்

பூட்டிக் கிடந்த வீட்டில் குளியலறையிலிருந்து பிணவாடை போல் வருகிறதா? தரை வடிகாலில் எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்று சாக்கடைக் காற்றைத் தடுக்கும். வீடு சில வாரம் பூட்டிக் கிடந்தால் அது வற்றிவிடும். ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மறுபடி ஊருக்குப் போகும்போது மேலே ஒரு கரண்டித் தேங்காய் எண்ணெய் விட்டால் வற்றுவது குறையும்.

கூரையில் ரத்தம் போல் சிவந்த கறை பரவினால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. மேலே குளியலறை ஒழுகுகிறதா என்று பாருங்கள். சுண்ணாம்படித்து மறைக்காதீர்கள். துருப்பிடித்த கம்பி உப்பி, காரை பெயர்ந்து தலையில் விழும். சுவரில் மனித உருவம் போல் படர்ந்தால் அது ஓதம்.

அணைத்த பிறகும் எல்.இ.டி பல்பு மங்கலாக எரிந்தால், சுவிட்சில் பேஸுக்குப் பதில் நியூட்ரலைக் கொடுத்திருக்கலாம், அல்லது சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருக்கலாம். சுவரைத் தொட்டால் உடம்பு சிலிர்க்கிறது என்றால் அதைச் சாமியாடியிடம் கொண்டுபோகாதீர்கள். ஈரச் சுவரில் கரண்ட் கசிகிறது. அன்றைக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) போடச் சொல்லி, எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வீடு முழுக்க விளக்குகள் ஒரு பக்கம் மங்கி, ஒரு பக்கம் பளீரென்று எரிந்தால் மெயினில் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

வீட்டில் இருக்கும்போது தலைவலி, குமட்டல், யாரோ பார்ப்பது போன்ற உணர்வு, வெளியே போனால் தெளிந்துவிடுகிறது என்றால் கார்பன் மோனாக்சைடை, அதாவது நெருப்பு சரியாக எரியாதபோது வரும் விஷ வாயுவை, நினையுங்கள். 1921-இல் வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், காலடிச் சத்தமும் உருவங்களும் கண்டு அலறிய ஒரு குடும்பத்தைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். காரணம் அந்த வீட்டின் பழுதான கணப்பு உலை. நம் ஊரில் இது மூடிய குளியலறையில் கேஸ் கீசர் வடிவில் வரும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிருக்கு அறைக்குள் அடுப்புக்கரி மூட்டுவதாலும் வரும். வாசனையே இருக்காது. கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே மாற்றுங்கள். அறையைச் சாத்திக்கொண்டு கரிநெருப்பில் சாம்பிராணி போடுவதையும் விடுங்கள்.

7. ராத்திரி நெஞ்சில் ஏறி உட்கார்ந்தால்

அமுக்குவான் பேய் என்பது புது வீட்டுக்காரர்கள் அதிகம் சொல்லும் புகார். விழிப்பு வந்துவிடும், உடம்பு அசையாது, அறையில் யாரோ நிற்பார்கள். கனவு காணும்போது உடல் அசையாமல் இருக்க மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அது விலகுவதற்கு முன் விழிப்பு வந்துவிட்டால் இந்த நிலை. சில நொடியிலிருந்து ஒன்றிரண்டு நிமிடத்தில் போய்விடும். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். வீடு மாற்றும் வாரத்தில் யாருக்குத் தூக்கம் இருக்கிறது? ஒருக்களித்துப் படுங்கள். வந்துவிட்டால் கத்த முயலாமல், கால் சுண்டுவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். புது இடத்தில் முதல் ராத்திரி மூளையின் ஒரு பாதி அரைக்கண்ணோடு காவல் இருப்பது போல் இயங்குகிறது என்று 2016-இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டியது. நாலைந்து ராத்திரி பொறுத்துப் பாருங்கள்.

மாதம் தாண்டியும் யாராவது தூங்காமல், சாப்பிடாமல், தனியறைக்குப் போக மறுத்தால் டாக்டரிடம் காட்டுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம், இலவசம்.

8. பூஜையும் அதன் செலவும்

இவ்வளவுக்குப் பிறகும் மனம் கேட்கவில்லையா, செய்யுங்கள். கணபதி ஹோமமும் வாஸ்து சாந்தியும் ஒரு காலைப்பொழுது வேலை. பாதிரியாரை அழைத்து வீட்டை மந்திரிக்கலாம், யாசீன் ஓதலாம். அம்மாவோ மாமியாரோ கேட்டால் வாதாடாதீர்கள், அவர்கள் நிம்மதியாகத் தூங்குவதும் வீட்டுக்கு நல்லதுதான். ஹோம குண்டத்தை நேராக டைல்ஸ் மேல் வைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கும். கீழே மணல் பரப்பி, மேலே இரண்டு வரிசைச் செங்கல் அடுக்கி, அதன்மேல் வையுங்கள். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும்.

செலவை முன்பே பேசி முடியுங்கள். பூஜை நடுவில் "இது சாதாரணமா இல்ல, பெரிசா ஒண்ணு பண்ணணும்" என்று தொகை ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். செய்வினைத் தகடு எடுக்கிறேன் என்று வருபவர் தோண்டும் இடத்தைத் தானே காட்டுவார், தோண்டுவதும் தானே, மண்ணுக்குள் கைவிடுவதும் தானே. இடத்தை நாங்கள் காட்டுகிறோம், எங்கள் ஆள் தோண்டுவார், நீங்கள் பத்தடி தள்ளி நின்று சொல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு நாள் சரியில்லை என்று கிளம்பிவிடுவார்.